நீர்மூழ்கியில் அத்தானுக்கு என்ன வேலை

என் அக்கா யாச்சினின் கணவர் பியான், அணு நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது பெண் பார்க்க வந்த அன்றே முடிவாகிவிட்டது. தரகு பேசிய அம்மாள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, "பையன் அணு நீர்மூழ்கியில இருக்கான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்காதீங்க" என்றாள். என் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தவர். அரசாங்க ரகசியம் ஒன்று நம் வீட்டு வாசல்படி ஏறி வந்து தேநீர் குடிக்கிறது என்பது அவருக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை.

அன்றைக்கு நானும் வீட்டில் இருந்தேன். ஒரு ஓட்டல் சமையலறையில் எடுபிடியாகச் சேர்ந்த புதிது. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் விரலில் பூண்டு வாடை போகாது. அப்பா என்னைக் காட்டி, "இவன் என் பையன். படிப்பு ஏறல. ஆம்பளையாப் பொறந்துட்டு வெங்காயம் உரிச்சுச் சம்பாதிக்கிறான்" என்றார். பியான் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு தேநீர்க் குவளையை எடுத்து மெதுவாகக் குடித்தார்.

கல்யாணம் நடந்தது. சீனக் கடலோரத்தில் எங்கள் சிங்தாவ் ஊரில் வசந்தம் பிறந்ததும் மருமகன் மாமனாருக்கு வஞ்சிர மீன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பியான் கரையில் இருந்த வருஷங்களில் கை நீளத்துக்கு மீன் வாங்கி வருவார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எவ்வளவு பொறுப்பான வேலைக்கு நடுவுல மறக்காம வந்திருக்கீங்க" என்று உருகுவார். மறுநிமிஷம் மீனை என் கையில் திணித்து, "செதில் எடு" என்பார்.

அப்பா சாகும்வரை அப்படித்தான். அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். அத்தான் தளத்திலிருந்து விடுப்பில் வந்தால் அவரை ஒரு வேலையும் செய்ய விடமாட்டாள். சமையலறைப் பக்கம் தலை காட்டினாலே விரட்டுவாள். "மூளைய வச்சு வேலை பாக்கறவரு நீ. போய் உக்காரு." முப்பது வயதிலேயே அவருக்கு முன்மண்டை வழுக்கை. அது கதிர்வீச்சால் வந்தது என்று அவளே முடிவு செய்து, உடம்பைச் சுத்தம் பண்ண வாரத்தில் பாதி நாள் கடற்பாசி சூப் வைத்தாள். அத்தானுடைய அப்பாவும் அவருடைய இரண்டு அண்ணன்களும் பளபளவென்று வழுக்கை என்பதை யாரும் அவளிடம் எடுத்துச் சொல்லவில்லை. அந்த சூப்பை நானும் குடித்திருக்கிறேன். தொழில்காரனாகச் சொல்கிறேன், துறைமுகத்துக் கயிற்றைக் கொதிக்க வைத்தது போல இருக்கும். அத்தான் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துவைப்பார்.

நான் மீன்பிடித் துறை பக்கத்தில் சொந்தமாகச் சின்ன சாப்பாட்டுக் கடை போட்டேன். மிளகாய் போட்டு வதக்கிய மட்டி, வஞ்சிரம் வைத்த கொழுக்கட்டை, பீர். பெரிய கடையில்லை, ஆனாலும் ஓடுகிறது. அத்தான் ஓய்வு பெற்றபின் அடிக்கடி வருவார். சாப்பிடுவார், தலையாட்டுவார், போய்விடுவார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். பெரிய மனுஷனுக்கு நாக்கெல்லாம் ஒரு பொருட்டா என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் அத்தான் வேலை பார்த்த அந்தக் கப்பலையே அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். உள்ளே இருந்த அணு உலையைக் கழற்றி எடுத்து, கழுவித் துடைத்து, பெயின்ட் அடித்து, கரையோரம் கட்டிப்போட்டு, டிக்கெட் போட்டு ஆட்களை உள்ளே விட்டார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாப்பது வருஷமா வாய மூடிட்டு இருந்தேன். இப்ப அவங்களே தொறந்துட்டாங்க. இனிமே நீ எனக்குச் சொல்லலாம்ல?"

"பாக்க ஒண்ணுமில்ல. இரும்புக் குழாய்" என்றார் அத்தான்.

"நாட்டுக்காக ஒழச்ச எடத்த நான் பாக்க வேணாமா?"

"மூட்டு வலி. ஏணியில ஏறி எறங்கணும்."

"யாருக்கு மூட்டு வலி?"

"உனக்குத்தான்" என்றார்.

ஒரு குளிர்காலம் முழுக்க இப்படியே தள்ளிப்போட்டார். சளி என்றார், கூட்டம் என்றார், கடல்காற்று என்றார். மே மாதம் பிறந்ததும் அக்கா அவரைக் கேட்பதை விட்டுவிட்டு, கீழ்வீட்டுக் கோங் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். கோங் அம்மாவின் கணவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் வங்கிப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அக்கா அணு உலையை எடுத்து வைப்பாள். இத்தனை வருஷம் வாயால் சொன்னதை இப்போது நேரிலேயே காட்டிவிடலாம். கோங் அம்மாவும் வருகிறாள் என்று ஆனபிறகு அத்தானால் தட்ட முடியவில்லை. துணைக்கு என்னையும் கூப்பிட்டார். "மச்சான், நீ வந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்" என்றார். அணு நீர்மூழ்கியில் கடலடியில் கிடந்தவருக்கு என் தைரியம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

நாங்கள் போன காலையில் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறியிருந்தது. நீர்மூழ்கியின் வால்பக்கம் தெரியவில்லை. வாசலில் முன்னாள் படைவீரர் அட்டையைக் காட்டியதும் அத்தானுக்கு டிக்கெட் வேண்டாம் என்றார்கள். அக்கா திரும்பிக் கோங் அம்மாவைப் பார்த்தாள். கோங் அம்மா தன் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உள்ளே இறங்கினால் ஒரே ஆள் போகிற சந்து. முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் எல்லோரும் நிற்க வேண்டும். புது பெயின்ட் வாசனை, அதற்கு அடியில் பழைய எண்ணெய் வாசனை. ஒவ்வொரு வட்டக் கதவிலும் யாராவது தலையை இடித்துக்கொண்டு ஐயோ என்றார்கள். அத்தான் மட்டும் குனிய வேண்டிய இடத்தில் தன்னால் குனிந்தார்.

அணு உலை இருந்த அறை மூடிக் கிடந்தது. சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சம் போட்ட வெறும் குழாய்களைப் பார்க்கலாம். அக்கா அங்கே நின்றுவிட்டாள். கோவிலில் நிற்பதுபோல நின்றாள். பின்னால் வந்தவர்கள் முனகினார்கள்.

"இங்கதானே?" என்று மெல்லக் கேட்டாள்.

"ம்" என்றார் அத்தான்.

"உள்ள ரொம்பச் சூடா இருக்குமா?"

"இருக்கும்."

"கோங் அம்மா, பாத்தீங்களா? இதுக்குள்ளதான். இவரு சொல்ல மாட்டாரு. இன்னிக்குக்கூட வாயத் தொறக்க மாட்டாரு, அவ்வளவு கட்டுப்பாடு."

அத்தான் ஜன்னலைப் பார்க்கவில்லை. கூரையில் போகும் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தது. நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு கதவு தாண்டினால் சமையலறை. அலமாரியளவு இடம். இரண்டு பெரிய எஃகுப் பானை, ஒரு ஆவி அடுப்பு, வெட்டும் பலகைமேல் பிளாஸ்டிக் முட்டைக்கோஸ். நான் நின்று பார்த்தேன். என் கண் வேறெங்கே போகும்? பானை மூடியில் கப்பல் சாய்ந்தாலும் திறக்காமலிருக்க ஒரு கொக்கி இருந்தது. அது மாட்டாமல் தொங்கியது. எனக்குப் பின்னாலிருந்து அத்தானின் கை நீண்டது. "தொடக்கூடாது" என்று எழுதியிருந்த கயிற்றுக்கு மேலே கையைக் கொண்டுபோய், உள்ளங்கையால் மூடியை ஒரு அழுத்து அழுத்தி, கட்டை விரலால் கொக்கியைத் தட்டிவிட்டார். டக் என்று விழுந்தது. என்ன செய்கிறோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. அந்தக் கையசைவு எனக்குத் தெரியும். ஆயிரம் தடவை செய்யாதவனுக்கு அது வராது. நான் திரும்பி அவரைப் பார்ப்பதற்குள் சந்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாஸ்டர்?"

இடுப்பில் ஒலிபெருக்கிப் பெட்டி கட்டிய வழிகாட்டி ஒருவர், அறுபது வயதிருக்கும், கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். "மாஸ்டர், நீங்கதானா? நான் தெங். டார்பிடோ அறை குட்டி தெங்."

அத்தான் சுவரோடு ஒட்டினார். ஒதுங்க இடமில்லை.

அக்காவுக்குப் பூரிப்பு. "மாஸ்டர்னு கூப்பிடறாரு பாருங்க" என்று கோங் அம்மாவின் காதில் சொன்னாள். "விஞ்ஞானிங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்க."

தெங் ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார். அவர் பேசியது கப்பல் முழுக்கக் கேட்டது. "எல்லாரும் கேளுங்க. இவருதான் எங்க சமையல் மாஸ்டர் பியான். வெளிய வந்தப்புறம் எத்தனையோ ஓட்டல்ல சாப்பிட்டிருக்கேன். இவரு கையால செஞ்ச ஆவி பன்னு மாதிரி ஒண்ணு இன்னும் கிடைக்கல. தண்ணிக்கடியில பச்சக்காய் தீந்து, டப்பா சாப்பாட்டப் பாத்தாலே கொமட்டும்போது, இவரு டிரங்குப் பெட்டிக்குள்ள பயறு முளைக்கட்டி எங்களுக்குப் பச்சையா ஒரு கை போடுவாரு. நாங்க அழுதிருக்கோம். மாஸ்டர், இந்த அடுப்பு உங்க அடுப்புத்தானே?"

அத்தான் அடுப்பைப் பார்த்தார். "ஆமா" என்றார். "எடது பக்கம் சரியா சூடேறாது."

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். ஓர் இளம்பெண் அவரோடு படம் எடுத்துக்கொண்டாள். அக்கா அசையவில்லை. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னதும் நகர்ந்தாள். அடுத்த வட்டக் கதவில் நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டாள். சத்தமே போடவில்லை.

வெளியே வந்ததும் அக்காவும் கோங் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நானும் அத்தானும் தள்ளி நின்று புகை பிடித்தோம்.

"ஏன் அத்தான், என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? மொத நாள் உங்க வீட்டுக்கு வந்தேன். நான் அடுப்படி ஆளுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள உங்கப்பா உன்னப் பத்திப் பேசினாரு. அப்புறம் எப்படி?"

"நாப்பது வருஷமா?"

"ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்." சாம்பலைத் தட்டினார். "நான் பொய் சொல்லல, மச்சான். எங்களுக்கும் உத்தரவு உண்டு. எத்தன மூட்ட மாவு ஏத்துனோம்னு வெளிய சொன்னா, எவ்வளவு நாள் கடலுக்குள்ள இருப்போம்னு கணக்குப் போட்டுடுவான் எதிரி. அணு உல இருக்குன்னு ஊருக்கே தெரியும். முட்டக்கோஸ் எத்தனைன்னுதான் யாருக்கும் தெரியக் கூடாது. கப்பல்லயே பெரிய ரகசியம் என்கிட்டதான் இருந்துச்சு."

"அணு உலை அறைக்குள்ள போயிருக்கீங்களா?"

"உள்ள விடமாட்டாங்க. கதவுக்கு வெளியில சாப்பாட்டுத் தட்ட வச்சுட்டு வந்துருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. எத்தனை வசந்தம் அந்த வஞ்சிரத்தைச் செதில் எடுத்திருக்கிறேன். அந்த மனுஷன் பக்கத்து அறையில் உட்கார்ந்து என் அப்பாவோடு பீர் குடித்துக்கொண்டிருந்தார், என்னைவிட நன்றாகச் செதில் எடுக்கத் தெரிந்தவர். அப்பா இருந்திருந்தால் இன்றைக்கு என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் இல்லாமல் போனதில் அப்போதுதான் எனக்கு உண்மையான வருத்தம் உண்டானது.

பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பயந்தது கோங் அம்மாவுக்குத்தான். அந்த அம்மாளோ இரண்டு சீட் தாண்டி எழுந்து வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தானிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பன்னு மேல வெடிக்காம வர என்ன பண்ணணும்? எனக்கு எப்பவும் வெடிக்குது."

"மாவ இன்னும் கொஞ்சம் அடிச்சுப் பிசையணும். அப்புறம் மூடிய ஒடனே தொறக்கக் கூடாது."

"கேட்டியா யாச்சின்? எங்க வீட்டுல ஒருத்தரு இருக்காரு, வெந்நீர் வைக்கத் தெரியாது. நீ கொடுத்து வச்சவ. இத்தன நாளா ஒருத்தர்கிட்டயும் சொல்லாம நீ மட்டும் தின்னிருக்க."

அக்கா என்ன சொல்வாள்? "ம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அவள் நேராகச் சமையலறைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியைக் காட்டினாள். அத்தான் உட்கார்ந்தார். நான் கிளம்பப் பார்த்தேன். "நீயும் உக்காரு" என்றாள்.

"சமையல்காரருன்னு மறச்சத விடு" என்று ஆரம்பித்தாள். "எங்கப்பா வாய் அப்படி. எனக்குத் தெரியாதா? ஒண்ணு மட்டும் சொல்லு. என் சமையல் எப்படி?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கு."

"டார்பிடோக்காரன அழ வச்ச நாக்கு உன்னோடது. அந்த நாக்க வச்சுச் சொல்லு."

"உப்பு கொஞ்சம் முந்திப் போடற" என்றார். "காய் தண்ணி விட்டுடுது."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணத்துலேர்ந்து."

"வேற?"

நிறுத்தியிருக்கலாம். அன்றைக்கு ஏதோ ஒரு மூடி திறந்துவிட்டது. மீன் அதிகம் வெந்து போகிறது, சோயா கறுக்கிறது, கடுகுக்கீரையை வெட்டிவிட்டுக் கழுவுகிறாய், வாங்கும் வினிகரே சரியில்லை என்று மெதுவாக, மரியாதையாக, ஒன்றுவிடாமல் சொன்னார். ஒன்றிலும் குத்தல் இல்லை. ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனிடம் சொல்வதுபோலச் சொன்னார். சூப்பைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை. அவளாகக் கேட்டாள்.

"அது மருந்துதானே" என்றார். "மருந்துக்கு ருசி பாக்கலாமா?"

அக்கா எழுந்து போய், ஆணியில் தொங்கிய தன் ஏப்ரனை எடுத்துவந்து அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள். "இத்தன வருஷமா நான் உன்ன ஒக்கார வச்சுச் சோறு போட்டேன். கை வலிக்குது, முதுகு வலிக்குதுன்னு சொல்லாம போட்டேன். நீ ஒரு நாள் எழுந்து வரல." குரல் உடைந்தது. எனக்கு அக்கா அழுது பார்த்துப் பழக்கமில்லை. அத்தான் ஏப்ரனைக் கையில் எடுத்து, மடித்து, திரும்பப் பிரித்தார். "நீ விரட்டுவியே" என்றார். அக்கா உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் அக்காவிடமிருந்து போன். "உடனே வா. இவருக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

போய்ப் பார்த்தால் வீடு முழுக்கப் பன். மேசையில், ஜன்னல் திட்டில், படுக்கைமேல் துணி விரித்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல். அவருக்கு மாவு அளக்கத் தெரிந்தது மூட்டைக் கணக்கில்தான். இரண்டு பேருக்கு எப்படிப் பிசைவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வியர்த்து வழிந்துகொண்டு, "கொறச்சுத்தான் போட்டேன்" என்றார்.

நான் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். தெங் பொய் சொல்லவில்லை.

அக்காவும் ஒன்றைத் தின்றாள். நின்றுகொண்டே தின்றாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு முடியைச் சரிசெய்துகொண்டு, தட்டில் அடுக்கி, மாடி மாடியாகக் கொண்டுபோனாள். படிக்கட்டில் அவள் குரல் கேட்டது. "சாதாரணப் பன்னு இல்ல இது. அணு நீர்மூழ்கியில சாப்பிட்டது. வெளியில எங்கயும் கிடைக்காது. இத்தன வருஷம் செய்யறதுக்கே அனுமதி இல்ல." மத்தியானத்துக்குள் அந்தக் கட்டடத்தில் வங்கி மேலாளரை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

நான் ஒரு தப்புச் செய்தேன். என் கடைக்கு வந்து காலையில் பன் போட்டுத் தர முடியுமா என்று அத்தானைக் கேட்டேன். அவருக்கு ஆசைதான். முகம் மலர்ந்தது. அக்கா நடுவில் புகுந்தாள். "துறை பக்கத்துல மட்டி விக்கற கடையிலயா? இவரு யாருன்னு நெனச்ச? இவருக்கும் உனக்கும் வித்தியாசம் இல்லையா?" என்றாள். நியாயமாகச் சொல்கிறேன், அவள் கேலிக்குக் கேட்கவில்லை.

வேலைக்கு விடவில்லையே தவிர, சாப்பிட வருவதற்குத் தடையில்லை. இப்போது அவர் முன்னைவிட அடிக்கடி வருகிறார். அணு உலைக்காரராக இருந்தவரைக்கும் எவ்வளவு நல்ல வாடிக்கையாளர். இப்போதோ முதல் வாயிலேயே சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிடுவார். மட்டியில் மண் போகவில்லை, தீ போதவில்லை, கொழுக்கட்டை ஓரம் தடிமன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். போன வாரம் நேராக உள்ளே வந்து, என் உதவியாளை நகர்த்திவிட்டு, வாணலியை அவரே வாங்கிக்கொண்டார்.

"இஞ்சி எங்க?" என்றார்.

அடுப்புக்கு மேலே தட்டில் இருக்கிறது என்று காட்டினேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நான் இரண்டு பீரை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனேன்.